காட்டுப் பாதையில் வண்டி நின்றுவிட்டால்...

கோயம்புத்தூரில் பைக் வைத்திருப்பவர்கள் யாரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருப்பதில்லை என்று சொன்னால் அது கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுப் பொய்யும் இல்லை! மேற்கே சிறுவாணி மலை, வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, வடகிழக்கே சத்தியமங்கலம், கடம்பூர் மலைகள். இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் தார் ரோடு முடிந்து மண் பாதை ஆரம்பித்துவிடும். அங்கே வண்டி நின்றுபோனால் மெக்கானிக்கும் அதே இரண்டு மணி நேரத் தொலைவில்தான் இருப்பார். பெரும்பாலும் செல்போனில் டவரும் இருக்காது.

வண்டி என்றால் ஒரு நாள் நிற்கத்தான் செய்யும், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். இந்த மூன்றும் பெரும்பாலும் கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன.

கிளம்பும் முன்

முதல் விஷயம் அனுமதி. ஆனைமலை 2007-லும் சத்தியமங்கலம் 2013-லும் புலிகள் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டன. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். இது வெறும் அபராத விஷயம் இல்லை. திருட்டுத்தனமாக உள்ளே போனவர், வண்டி நின்றுவிட்டால் உதவி கேட்கவே தயங்குவார். வனக்காவலர் வருவதைப் பார்த்தால் ஒளிந்துகொள்வார். அந்தத் தயக்கமே பாதி ஆபத்து. ஊராட்சி மண் ரோடு, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு போகும் தோட்டப் பாதை ஆகியவற்றிலேயே ஓட்டிப் பழக வேண்டிய அளவுக்குக் கல்லும் மேடும் பள்ளமும் இருக்கின்றன.

இரண்டாவது, துணை. குறைந்தது மூன்று வண்டிகளாவது சேர்ந்து போக வேண்டும். ஒருவர் வண்டி நின்றால் இன்னொருவர் அவரோடு இருக்கலாம், மூன்றாமவர் ஊருக்குள் போய் ஆள் கூட்டி வரலாம். இரண்டே பேர் போனால் யாராவது ஒருவர் காட்டில் தனியாக நிற்க வேண்டி வரும்.

மூன்றாவது, வீட்டில் சொல்லிவிட்டுப் போவது. எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்தது. மேலே ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் இரண்டு நாள் கழித்துத்தான் அந்தக் கார் கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்து பேர் இறந்துபோனார்கள், இரண்டு பேர் மட்டும் உயிருடன் மீட்கப்பட்டார்கள். தார் ரோட்டை ஒட்டிய இடத்திலேயே இந்த நிலை என்றால், யாரும் வராத மண் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பிரித்துப் பார்த்தவருக்குப் பயமில்லை

கோவைக்காரர்களுக்கு ஜி.டி. நாயுடுவின் கதை தெரிந்திருக்கும். இளைஞராக இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை, அக்கக்காகப் பிரித்துத் திரும்ப மாட்டினார். அதே மனிதர்தான் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழில் ஆரம்பித்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1913-ல், இங்கிலாந்தில் ஆறு நாள் மோட்டார் சைக்கிள் போட்டி ஒன்று தொடங்கியது. இன்றைக்கும் நடக்கும் அந்தப் போட்டியில் ஓட்டுபவரே தன் வண்டியைப் பழுது பார்க்க வேண்டும். டயர் மாற்றுவதும் அவர் வேலைதான். வேகமாக ஓட்டத் தெரிந்தால் மட்டும் அங்கே ஜெயிக்க முடியாது.

இரண்டும் சொல்வது ஒன்றுதான். வீட்டு வாசலில் ஒரு தடவை சக்கரத்தைக் கழற்றி மாட்டியவருக்குக் காட்டில் கை நடுங்காது. முதல் தடவையாகக் கழற்றுவதற்குக் காடு சரியான இடமில்லை.

அடிக்கடி வரும் பிரச்சினைகள்

*பஞ்சர்:* மண் பாதைக்கான பைக்குகள் பலவற்றில் டியூப் டயர்தான். டயர் லிவர், பஞ்சர் ஒட்டும் சாமான்கள், சின்னப் பம்ப், ஒரு மாற்று டியூப் கட்டாயம் வேண்டும். ஒரே டியூப்தான் கொண்டுபோக முடியும் என்றால் முன் சக்கர டியூபாக இருக்கட்டும். ஊர் வந்து சேரும்வரை அதைப் பின் டயருக்குள்ளும் சமாளித்துப் போடலாம். எதுவுமே இல்லையா? டயருக்குள் புல்லை இறுக்கமாகத் திணித்து மெதுவாக உருட்டி வருவது பழைய வழி. பொள்ளாச்சிப் பக்கம் என்றால் தேங்காய் மட்டையும் நாரும் இருக்கவே இருக்கிறது!

*தண்ணீர்:* ஓடையைக் கடக்கும்போது வண்டி மூழ்கி நின்றால் உடனே செல்ஃப் அடிக்கவே கூடாது. காற்றை அழுத்துவது போலத் தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் அதன்மேல் மோதினால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இக்னிஷனை அணைத்து, கிக்கர் இருந்தால் உதைக்க வேண்டும். இல்லாவிட்டால் டாப் கியரில் போட்டுத் தள்ள வேண்டும். தண்ணீர் பீய்ச்சி அடித்து வெளியேறிவிடும். ஏர் ஃபில்டரைப் பிழிந்து காயவைக்க வேண்டும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் தெரிந்தால், ஆயில் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

*செயின், கேபிள், லிவர்:* ஒரு செயின் லாக் பர்ஸில்கூட அடங்கும். மாற்று கிளட்ச் கேபிளைப் பழைய கேபிளோடு சேர்த்தே ஓட்டி டேப் சுற்றி வைத்தால், அறுந்த இடத்தில் இரண்டு முனைகளை மாற்றினால் போதும். லிவர் கிளாம்பை ரொம்பவும் இறுக்காமல் விட்டால், வண்டி கீழே விழும்போது லிவர் உடையாமல் திரும்பிக்கொள்ளும்.

*பேட்டரி:* பழைய கார்புரேட்டர் வண்டியை இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்துவிடலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் பெட்ரோல் பம்ப் ஓடாது, எவ்வளவு தள்ளினாலும் பலனில்லை. அதனால் ஒரு ஜம்பர் ஒயரும் மாற்று ஃபியூஸ்களும் பையில் இருப்பது நல்லது.

*கட்டி இழுப்பது:* கயிற்றைப் பின்வண்டியில் முடிச்சுப் போடவே கூடாது. ஃபுட்ரெஸ்ட்டில் ஒரு சுற்று சுற்றி, ஷூவால் அழுத்திப் பிடிக்க வேண்டும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் காலை எடுத்தாலே கயிறு விடுபட்டுவிடும்.

அரை மணி நேரக் கணக்கு

இதையெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் ஒரு பெரிய ஆபத்து காத்திருக்கிறது. “இன்னும் பத்து நிமிஷம், சரி பண்ணிடலாம்” என்ற நம்பிக்கை! அப்படியே மூன்று மணி ஐந்தாகும், ஐந்து ஆறரையாகும்.

இந்த மலைகளெல்லாம் யானைகளின் நடமாட்டம் உள்ளவை. பொழுது சாயும் நேரத்தில் அவை தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் வெளியே வரும். 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்தைத் தடை செய்யும் உத்தரவை 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அமல்படுத்தச் சொன்னது விலங்குகளின் உயிருக்காகத்தான். தேசிய நெடுஞ்சாலையே இரவில் விலங்குகளுக்குரியது என்றால், ஒற்றையடிப் பாதையில் டார்ச் அடித்துக்கொண்டு ஸ்பேனர் சுற்றுவது எந்த வகையில் நியாயம்?

ஆகவே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இழுத்துப் போக வேண்டும். இழுக்கவும் முடியாவிட்டால் வண்டியைப் பாதையோரம் பூட்டிவிட்டு, இன்னொரு வண்டியின் பின்னால் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். யானை தெரிந்தால் ஹாரன் கூடாது, ஃப்ளாஷ் கூடாது, விரட்டவும் கூடாது. வண்டியை விட்டுவிட்டு வந்த வழியே சத்தமில்லாமல் விலக வேண்டும். தீ மூட்டுவது காட்டையே பணயம் வைப்பது.

மலையில் வாழ்பவர்களிடம் இதில் ஒரு பாடம் இருக்கிறது. கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகும் வழியில் சர்க்கரைப்பள்ளம், குரும்பூர்ப்பள்ளம் என இரண்டு காட்டாறுகள். பாலம் இல்லாத பல வருடங்கள், வெள்ளம் வந்தால் பஸ் நின்றுவிடும். ஊர் மக்கள் தண்ணீர் வடியும்வரை கரையில் காத்திருப்பார்கள். அவசரம் அவர்களுக்கும் உண்டு, ஆனால் காட்டாற்றை அவர்களுக்குத் தெரியும்.

வண்டி நின்ற இடத்தில் “ஏனுங் தம்பி, வண்டி நின்னு போச்சுங்களா?” என்று கேட்டுக்கொண்டு வருபவர் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒருவராகத்தான் இருப்பார். அவர் கயிறு கொடுப்பார், தண்ணீர் கொடுப்பார். “இங்கே நிக்காதீங்க, பொழுது போகுதுங்” என்றும் சொல்வார். கொடுத்ததைவிட அவர் சொன்னதுதான் பெரிய உதவி. அதைக் கேட்டு இறங்கிவிட்டால், மறுநாள் காலையில் டெம்போ எடுத்துக்கொண்டு வந்து வண்டியை ஏற்றிக்கொள்ளலாம். டெம்போ வாடகை கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆனால் வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் காந்திபுரத்தில் கிடைக்கும், ஓட்டுபவருக்குக் கிடைக்காது!