பிரான்ஸ் தெரியும்... கால்வே எங்கே இருக்கு? வரிச்சிக்குடியில் ஒரு புதுக் கேள்வி!

காரைக்காலில் தரங்கம்பாடி பஸ் ஏறினால், கோட்டுச்சேரியை அடுத்து வருவது வரிச்சிக்குடி. கிழக்கே திரும்பினால் சம்பந்தர் பாடிய திருவேட்டக்குடி சுந்தரேஸ்வரர் கோயில், கொஞ்சம் தள்ளி கடல். அதே திருவேட்டக்குடியில்தான் 2010-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி என்.ஐ.டி-யின் வளாகமும் இருக்கிறது. வடக்கே போய் நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. பி.ஒய்-02 வண்டிகள் குறைந்து, டி.என் நம்பர் பிளேட்டுகள் ஆரம்பிக்கும்.

கையளவு ஊர்தான். ஆனால், 'போகலாமா, வேண்டாமா?' என்ற பேச்சு இந்தப் பகுதிக்குப் புதிதே இல்லை. காரைக்கால் அம்மையார் கதையையே எடுத்துக்கொள்ளுங்களேன். மாங்கனி அதிசயத்தைக் கண்டு மிரண்ட கணவன் பரமதத்தன், வியாபாரத்துக்கு என்று கப்பல் ஏறினார். திரும்பி வந்தவர் காரைக்காலுக்கு வரவில்லை. பாண்டிய நாட்டில் இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பிடிக்கும் கூட்டத்துக்கு இந்தப் பாதிக் கதை பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை.

1739-ல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 19-ம் நூற்றாண்டில் இங்கிருந்து ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் பலர். பிறகு சைகோன். அங்கே போனவர்களில் அரசு வேலைக்காரர்களும் சிப்பாய்களும் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய முடிவு 1962-ல் வந்தது. பிரான்ஸும் இந்தியாவும் 1956-ல் போட்ட ஒப்பந்தம், 1962 ஆகஸ்ட் 16-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் தானாகவே இந்தியர்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். தாத்தா போட்ட அந்த ஒரு கையெழுத்து, பேரனின் பாஸ்போர்ட்டையும் முடிவு செய்தது. பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தால் காரைக்காலில் இன்றும் வாக்குப்பதிவு நடக்கிறது!

அதனால் 'பிரான்ஸ்' என்றால் இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நர்ஸிங் முடித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்து, ''அயர்லாந்துல கால்வேன்னு ஒரு ஊர்ல வேலை கிடைக்கும்போல இருக்கும்மா'' என்று சொன்னால்தான் சிக்கல். அங்கே சித்தப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை.

கால்வேக்கும் காரைக்காலுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு என்பது ஆச்சர்யம். 1758-ல் பிரெஞ்சுப் படையோடு தஞ்சாவூரை முற்றுகையிட்டு, முடியாமல் காரைக்காலுக்குப் பின்வாங்கிய தளபதி லாலியின் தந்தை, கால்வே மாவட்டத்தின் டூவம் பகுதியிலிருந்து பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்த ஐரிஷ்காரர். நல்ல அறிமுகம் இல்லைதான்!

அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது கால்வே. தலைநகர் டப்ளினிலிருந்து சுமார் 200 கி.மீ, ரயிலில் இரண்டரை மணி நேரம். 2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 86,000. பெரிய அரசு மருத்துவமனை, பல்கலைக்கழகம் இரண்டும் ஊருக்குள்ளேயே உண்டு. மெட்ரானிக், பாஸ்டன் சயின்டிஃபிக் போன்ற மருத்துவக் கருவி நிறுவனங்கள் இருப்பதால், இன்ஜினீயர்களும் இந்த ஊரைத் தேடுகிறார்கள்.

நர்ஸ் வேலை, அயர்லாந்தின் 'கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ்' பட்டியலில் இருக்கிறது. இரண்டு வருட வேலைக்கான கடிதம் வேண்டும். கணவரையும் குழந்தைகளையும் ஆரம்பத்திலேயே அழைத்துக்கொள்ளலாம். கணவர் தனி பர்மிட் இல்லாமல் வேலை பார்க்கலாம். ஆனால், அதற்கு முன்னால் ஐ.இ.எல்.டி.எஸ் அல்லது ஓ.இ.டி தேர்வு, அந்நாட்டு நர்ஸிங் வாரியப் பதிவு, அங்கே போய் ஒரு தகுதித் தேர்வு அல்லது மருத்துவமனைப் பயிற்சி என்று வரிசையாக இருக்கிறது. வேலை வாங்கித் தர உங்களிடம் யாராவது லட்சங்களில் கேட்டால் உஷார். வேலை தேடுபவரிடம் ஏஜென்சி கட்டணம் வசூலிப்பதை ஐரிஷ் சட்டம் அனுமதிப்பதில்லை.

'சின்ன ஊர், செலவு கம்மி' என்ற கணக்கு மட்டும் அப்படியே நம்பத்தக்கதல்ல. வாடகை டப்ளினைவிடக் குறையலாம். வீடு கிடைக்க வேண்டுமே! கல்லூரி திறக்கும் செப்டம்பரில், வெளியூர் மாணவர்களும் அதே அறைகளுக்குத்தான் அலைவார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், 'தங்க இடம் தருவீர்களா, எத்தனை வாரத்துக்கு?' என்று கேட்பது புத்திசாலித்தனம்.

அப்புறம், மழை. வரிச்சிக்குடிக்கு மழை புதிதல்ல. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அயர்லாந்தின் மேற்குப் பகுதியிலோ ஆண்டில் 200 நாள்களுக்கு மேல் மழை நாள்கள்தான். டிசம்பரில் காலை 9 மணிக்குச் சற்று முன்புதான் விடியும். மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். குடும்பத்தோடு போகிறவர்கள் இதைச் சமாளித்துவிடுவார்கள். தனியாகப் போகும் 24 வயதுப் பெண்ணுக்கு, முதல் குளிர்காலம் சம்பளக் கணக்கில் வராத செலவு.

பெற்றோருக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அவசரம் என்றால், டப்ளின் வரை வந்து, துபாய் அல்லது தோஹா வழியாகச் சென்னையோ திருச்சியோ இறங்கி, அங்கிருந்து இன்னும் சில மணி நேரம் சாலைப் பயணம். குறைந்தது ஒன்றரை நாள் ஆகிவிடும். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தால், யார் முதலில் ஓடி வருவார்கள்? இந்தக் கேள்வியை விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. அண்ணனா, பக்கத்து வீட்டு மாமாவா என்று பெயரைச் சொல்லியே முடிவு செய்யுங்கள்.

1962-ல் கிடைக்காத ஒரு வசதி இப்போது உண்டு. இரண்டு வருட வேலை முடிந்து, பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம்; கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட்தான். குளிர்காலத்தில் கால்வேயில் காலை 8 மணிக்கு நைட் டூட்டி முடியும்போது, வரிச்சிக்குடியில் மதியம் ஒன்றரை. அம்மா சாப்பிட்டுவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம்.