குறிப்பறிந்த ஊரிலிருந்து

திண்டுக்கல் பக்கம் பெண் பார்க்க வந்தவர்கள், "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தால், அந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று பெண் வீட்டாருக்குப் புரிந்துவிடும். கடன் கொடுத்தவர் பணத்தை வாய்விட்டுக் கேட்கமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பிள்ளைக்கு பீஸ் கட்டணும், அடுத்த வாரம் கடைசி நாளாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். மறுநாளே பணம் போய்ச் சேரும். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்தே விலையை முடிப்பார்கள். வள்ளுவரே குறிப்பறிதலுக்கு இரண்டு அதிகாரம் வைத்தார்: 71ஆவது அரசவைக்கு, 110ஆவது காதலுக்கு.

அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்த பிள்ளைகளைப் பார்த்து, 'இவர்களுக்கு ஜாடை புரிவதில்லை' என்று இங்கே பர்மிங்ஹாம் அலுவலகங்களில் பேசும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

சொல்லாமல் உணர்த்துவதை ஆங்கிலத்தில் 'இம்ப்ளை' என்பார்கள். உணர்த்துவது பேசுகிறவர் வேலை. அதிலிருந்து ஊகித்துக்கொள்வது கேட்பவர் வேலை, அதற்கு 'இன்ஃபர்' என்று பெயர். லேசாகக் கோடி காட்டினால் 'ஹின்ட்', குத்தலாகப் பழி தொனிக்கப் பேசினால் 'இன்சினுவேட்'. இதே பர்மிங்ஹாமில் 1913இல் பிறந்த தத்துவ அறிஞர் பால் கிரைஸ் இந்த வித்தையை ஆராய்ந்து, 1967இல் ஹார்வர்டில் சொற்பொழிவாற்றினார். அவர் தந்த உதாரணம் ஒன்று: தத்துவ வேலைக்கு விண்ணப்பித்த மாணவனுக்குப் பேராசிரியர் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறார். பையனின் ஆங்கிலம் நன்றாக இருக்கும், வகுப்புக்கு ஒழுங்காக வருவான் என்பதோடு கடிதம் முடிந்துவிடுகிறது. தத்துவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படிப்பவர் புரிந்துகொள்கிறார், பையன் தேறமாட்டான் என்று.

நம் பிள்ளைகள் இடறுவது இங்கேதான். "நேரம் கிடைத்தால் இந்த ரிப்போர்ட்டை இன்னொரு தரம் பார்க்கிறீர்களா?" என்று மேலாளர் புன்னகையோடு கேட்டால், இன்றே திருத்திக் கொடு என்று அர்த்தம். புதிதாக வந்தவர் அதை வேண்டுகோளாக எடுத்துக்கொண்டு, மற்ற வேலைகளை முடித்துவிட்டுச் சாவகாசமாகப் பார்க்கிறார். ஆண்டு முடிவில் மதிப்பெண் குறைகிறது. அவருக்குக் குறிப்பறியும் புத்தி இல்லாமல் போகவில்லை. இந்த ஊர்ப் பழக்கம் இன்னும் கைவரவில்லை, அவ்வளவே. கடனைத் திருப்பிக் கேட்க வந்தவரின் பேச்சு திண்ணைக்காரருக்குப் புரிந்ததற்குக் காரணம், இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் என்பதுதான்.

ஆகவே மேலாளர்களுக்கு என் வேண்டுகோள்: வேலை, சம்பளம் ஆகிய இரண்டிலும் புதியவர்களிடம் பூடகம் வேண்டாம், நேராகச் சொல்லுங்கள். புதிதாக விமானம் ஏறும் தம்பி தங்கைகளே, நீங்களும் தயங்காமல் கேளுங்கள்: "இதை நான் கட்டாயம் செய்ய வேண்டுமா? எந்தத் தேதிக்குள்?" இப்படிக் கேட்டால் இங்கே யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை.