புள்ளியில் நின்ற ஃபைல்

வடமராட்சி கிழக்கில் கரைவலை இழுக்கிற ஆக்களின் பேச்சைப் பற்றி நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தோம். பேசினதைப் பேசினபடியே எழுதவேணும், 'திருத்தக்' கூடாது. எங்களுக்கு இருந்த ஒரே விதி அதுதான். எழுதி முடித்ததும், மேலதிக இடைவெளிகளை எடுத்துவிட்டு எந்தச் சொல் எத்தனை தரம் வருகுது எண்டு எண்ணுவதற்குப் பத்து வரியில் ஒரு பைதன் நிரல் எழுதினோம். கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய காரியம்.

முதல் ஃபைலிலேயே நிரல் நின்றுவிட்டது. ஏதோ ஒரு பைட்டை வாசிக்க முடியாதாம். இணையத்தில் தேடினால், 'எரரைக் கண்டுகொள்ளாதே' என்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்லியிருந்தது. சேர்த்தோம். ஓடியது. எல்லா ஃபைல்களையும் அதே பெயரில் சேமித்தும் விட்டது. கொப்பி எடுத்து வைக்கவில்லை.

திறந்து பார்த்தால் புள்ளி ஒன்றும் இல்லை. உகரமும் இல்லை. அந்த இடமெல்லாம் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

ஏன் என்று விளங்க ஒரு கிழமை போனது. ஃபைலை எந்தக் குறியாக்கத்தில் வாசிப்பது என்று நாங்கள் சொல்லாவிட்டால், பைதன் இயங்குதளத்தின் மொழி அமைப்பைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும். ஆங்கில விண்டோஸ் லப்டொப்பில் அது பெரும்பாலும் 1252 என்ற அட்டவணை. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காகச் செய்தது, 256 இடங்கள்தான். எங்கட ஃபைலோ யூடிஎஃப்-8. அதில் ஒரு தமிழ் எழுத்துக்கோ குறிக்கோ மூன்று பைட். பெரும்பாலான எழுத்துகள் அந்த அட்டவணையில் அலங்கோலமாகவாவது வாசிபடும். 'அ'வை அப்படி வாசித்தால் நடுவில் வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவு முத்திரை வரும், யாரோ எங்கட அகரத்தை வாங்கிப் பதிந்துவிட்ட மாதிரி! ஆனால் அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் வெறுமை. புள்ளியின் கடைசி பைட்டும் உகரக் குறியின் கடைசி பைட்டும் அந்த வெறுமையில்தான் போய் விழுகின்றன. ஏகாரமும் ஐகாரமும், சொல்லின் தொடக்கத்தில் வரும்போது, அப்படியே.

எங்களைச் சுட்டது இன்னொன்று. பழைய பாமினி ஃபைல்களை அதே நிரலில் போட்டுப் பார்த்தோம், ஒரு முறைப்பாடும் இல்லை. பாமினியில் 'தமிழ்' என்பது கணினிக்கு ஐந்து ஆங்கில விசைகள்தான், புள்ளி வெறும் அரைப்புள்ளி. ஆங்கிலமாக வேஷம் போட்டால் உள்ளே விடும், சொந்தப் பெயரைச் சொன்னால் வாசலில் மறிக்கும்.

ஃபைலைத் திறக்கிற வரியில் யூடிஎஃப்-8 என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஜாவா 2022இல், 18ஆம் பதிப்பில், அதையே இயல்புநிலை ஆக்கிவிட்டது. பைதனும் 3.15இலிருந்து அப்படித்தான் என்று முடிவெடுத்திருக்கிறது. எங்களுக்குப் பிறகு வாற பட்ச் இந்த எரரைக் காணாமலே பட்டம் வாங்கும். சந்தோசம்தான், கொஞ்சம் பொறாமையும்.

திருத்துவதற்கு இருந்தோம். பெரும்பாலான இடங்களில் சொல் தெரிந்ததால் கை தானாகப் புள்ளி வைத்தது. சிக்கல் புள்ளியும் உகரமும் ஒரே மாதிரி அழிந்ததில். ஒரு ஐயா 'கேள்' என்றாரா 'கேளு' என்றாரா? சாதாரணக் கட்டுரைக்கு அது ஒன்றுமில்லை. எங்கட ஆய்வே அந்த வித்தியாசம்தான். கேட்டு எழுதிய ஒலிப்பதிவில் பாதியை, போனில் இடமில்லையென்று நாங்களே அழித்திருந்தோம். அதற்கு எந்த அட்டவணையையும் குறை சொல்ல ஏலாது.

கடைசியில் அந்த ஐயாவுக்கே போன் எடுத்தோம். வலை இழுக்கும்போது பொடியளைப் பார்த்து நீங்கள் எப்படிச் சொல்லுவியள் என்று கேட்டோம்.

"கேள் எண்டா என்ன, கேளு எண்டா என்ன பிள்ளையள், அவங்கள் கேக்கிறாங்களே?" என்று சிரித்தார்.

அன்றைக்கு அவர் சொன்னது எது என்று அவருக்கும் நினைவில்லை. முப்பத்தொரு இடங்களில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒன்றும் எழுதாமல் விட்டு, ஆய்வேட்டை அப்படியே கொடுத்தோம்.