பிரசங்க மேடைக்கு முன்னால் ஒரு கல்

மகள் அபர்டீனில் இருக்கிறாள். போன வருடம் அங்கே போயிருந்தபோது, "அப்பா, கடலோரமா ஒரு கோட்டை இருக்கு, போலாமா?" என்றாள். கோட்டை என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. செஞ்சியில் பட்ட அனுபவம் அப்படி.

டனோட்டர் கோட்டை ஸ்டோன்ஹேவன் ஊருக்குத் தெற்கே, கடலுக்குள் துருத்தி நிற்கும் ஒரு பாறையின் தலையில் இருக்கிறது. முதலில் பள்ளத்துக்கு இறங்க வேண்டும், பிறகு அவ்வளவும் ஏற வேண்டும். மேலே கூரையில்லாத சுவர்களும் காற்றும்தான். ஸ்காட்லாந்தின் கிரீடமும் செங்கோலும் வாளும் 1651-இல் இங்கேதான் இருந்தன.

அதற்கு இரண்டு வருடம் முன்புதான் இங்கிலாந்தில் முதலாம் சார்லஸின் தலையை வெட்டி, அவருடைய கிரீடங்களையும் உருக்கியிருந்தார்கள். தங்கம் நாணயச்சாலைக்குப் போயிற்று, கற்கள் விலைக்குப் போயின. அடுத்து அவர்களுடைய தளபதி குரோம்வெல் ஸ்காட்லாந்துக்குள் நுழைந்தார். 1651 ஜனவரி 1 அன்று ஸ்கோன் என்ற இடத்தில் இரண்டாம் சார்லஸுக்கு அவசரமாக முடி சூட்டிவிட்டு, மூன்று பொருள்களையும் டனோட்டருக்கு அனுப்பினார்கள். வாள், போப் இரண்டாம் ஜூலியஸ் 1507-இல் கொடுத்தது. கிரீடம், 1540-இல் ஐந்தாம் ஜேம்ஸுக்காக அழித்துப் புதிதாகச் செய்தது. 1543-இல் இந்த மூன்றையும் வைத்து முதன்முதலாக முடிசூட்டப்பட்ட அவருடைய மகள் மேரிக்கு அப்போது ஒன்பதே மாதம். குழந்தை தலையில் அதை எப்படித்தான் பிடித்தார்களோ!

செப்டம்பரில் குரோம்வெல் படை கோட்டையை வளைத்துக்கொண்டது. உள்ளே ஏறக்குறைய எழுபது பேர். தலைவர் ஜார்ஜ் ஓகில்வி எட்டு மாதம் தாக்குப்பிடித்தார். 1652 மே மாதம் கதவைத் திறந்தபோது உள்ளே வந்தவர்களுக்குக் கிரீடம் கிடைக்கவில்லை. அது போய் மாதங்கள் ஆகியிருந்தன.

கொண்டுபோனது பக்கத்து ஊர் கின்னெஃபின் பாதிரியார் ஜேம்ஸ் கிரெய்ஞ்சரின் மனைவி, கிறிஸ்டியன் ஃப்ளெட்சர். எப்படி என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. ஓகில்வியின் மனைவியைப் பார்க்க வந்தவள் கிரீடத்தை மடியில் மறைத்துக் குதிரையில் திரும்பினாள், வேலைக்காரி ஆளிநார்க் கட்டுக்குள் வாளையும் செங்கோலையும் சுற்றித் தூக்கி வந்தாள் என்பது ஒன்று. கயிறு கட்டிக் கடல் பக்கமாக இறக்கினார்கள், கீழே கடற்பாசி பொறுக்குவதுபோல் நின்ற பெண் கூடையில் வாங்கிக்கொண்டாள் என்பது மற்றொன்று. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. கோட்டை உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வேறு எந்தப் பக்கம் போனாலும் காவலாளி பார்க்காமல் இருக்க முடியாது.

அங்கிருந்து கின்னெஃபுக்குப் போனோம். வயலுக்கு நடுவே ஒரு சின்ன மாதாகோயில். இப்போது நிற்கும் கட்டடம் 1738-இல் எழுந்தது. வழிபாடெல்லாம் முடிந்து நாளாகிறது. சுவரில் கிரெய்ஞ்சருக்கு ஒரு நினைவுக் கல். 1652 மார்ச் 31 அன்று அவர் டனோட்டர் கோட்டைக்குச் சொந்தக்காரக் குடும்பத்து மாரிஷல் சீமாட்டிக்கு எழுதிக் கொடுத்த விவரம் தப்பிப் பிழைத்திருக்கிறது. "பிரசங்க மேடைக்கு நேர் முன்னால் ஒரு தளக்கல்லைப் பெயர்த்துக் குழி தோண்டி, கிரீடத்தையும் செங்கோலையும் வைத்து மூடி, கல்லைப் பழையபடி போட்டுவிட்டேன். வாள் மேற்குக் கோடியில், முன்வரிசை இருக்கைகளுக்கு நடுவே இருக்கிறது." தான் செத்துப்போனால் எங்கே தேடுவது என்று சீமாட்டிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதியது.

அங்கே நின்றபோது எனக்குத் தஞ்சாவூர் அத்தை ஞாபகம் வந்துவிட்டாள்.

அத்தைக்கு பேங்க் லாக்கரில் நம்பிக்கை கிடையாது. நகைகள் குதிருக்கு அடியில், புளிப்பானைக்குள், சாமி படத்துக்குப் பின்னால் என்று மாறிக்கொண்டே இருக்கும். ஆடியில் ஒருநாள் கதவைத் தாழிட்டு எல்லாவற்றையும் எடுத்து வெயில் காட்டுவாள். "தங்கத்துக்கு எதுக்கு அத்தை வெயில்?" என்று கேட்டதற்கு, "தங்கத்துக்கு இல்லடா, பட்டுத்துணிக்கு. அதோட, இருக்கான்னு நானும் பாக்க வேண்டாமா?" என்றாள். கிரெய்ஞ்சர் தம்பதியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ராத்திரியில் கல்லைப் பெயர்த்து, எல்லாவற்றையும் கணப்பின் முன் காய வைத்துத் திரும்பப் புதைப்பார்கள் என்று சொல்கிறார்கள். வாளின் உறையில் வெல்வெட் இருக்கிறது, ஈரத்தில் பூஞ்சை பிடிக்குமே. வாள் இந்த அமளியில் இரண்டாக முறிந்தே போயிற்று. எடுப்பதும் புதைப்பதுமாக எட்டு வருடத்துக்கு மேல்.

1660-இல் மன்னராட்சி திரும்பியதும் பரிசுகள் வந்தன. ஓகில்விக்கு ஒரு பட்டம். கிறிஸ்டியனுக்கு இரண்டாயிரம் மெர்க் தருவதாக நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. பெரிய பதவி கிடைத்தது மாரிஷல் சீமாட்டியின் இளைய மகன் ஜான் கீத்துக்கு. பின்னால் பிரபுவாகவும் ஆனார். அவர் செய்தது, பிரான்சுக்குப் போய், கிரீடம் தன்னோடு வந்துவிட்டதாகக் கதை கட்டியது. எதிரியைத் திசை திருப்பியதும் வேலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் கிரீடத்தைக் கொண்டுபோனவள் கிறிஸ்டியன்.

பிறகு எடின்பரோ போனோம். 1707-இல் இங்கிலாந்தோடு இணைந்தபோது, மூன்று பொருள்களும் ஸ்காட்லாந்தை விட்டுப் போகக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, கோட்டையில் ஒரு ஓக் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டியதோடு சரி. வருடங்கள் ஓட, பெட்டி காலி, எல்லாம் லண்டன் போய்விட்டது என்று ஊர் பேச ஆரம்பித்தது. 1818 பிப்ரவரி 4 அன்று எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டும் மற்றவர்களும் அரச அனுமதியோடு பெட்டியை உடைத்துத் திறந்தார்கள். துணி சுற்றியபடி அப்படியே இருந்தன. காய வைக்காமலே நூற்றுப் பதினொரு வருடம்!

1942-இல் ஜெர்மன் படையெடுப்புக்குப் பயந்து மறுபடி புதைத்தார்கள். இந்த முறை கிரீடம் போன இடம், கோட்டையின் டேவிட் கோபுரத்தில் ஒரு பழைய கழிப்பறைக்கு அடியில். இடம் குறித்த வரைபடத்தை உறையிலிட்டு மன்னருக்கும் வேறு சிலருக்கும் அனுப்பினார்கள்; ஒன்று கடல் கடந்து கனடா கவர்னர் ஜெனரலுக்கும் போயிற்று. எடின்பரோவில் விவரம் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் செத்தாலும் ஒருவர் மிஞ்ச வேண்டும் அல்லவா?

அத்தை யாருக்கும் எழுதி வைக்கவில்லை. பக்கவாதம் வந்து பேச்சு நின்றபோது இடது கையை அடுக்களைப் பக்கம் காட்டிக் காட்டி ஓய்ந்தாள். புளிப்பானையைக் கவிழ்த்தோம். அட்டிகை கிடைத்தது, புளி ஒட்டிக்கொண்டு. கெம்புக்கல் ஒட்டியாணம் கிடைக்கவில்லை. குதிரை நகர்த்தினோம், பரணைக் கலைத்தோம், அடுப்பங்கரைத் தரையைக்கூடத் தட்டிப் பார்த்தோம். கடைசியில் வீட்டை விற்றாயிற்று.

வாளுக்கும் ஒரு இடுப்புக் கச்சை இருந்தது. மற்றவை கின்னெஃபிலிருந்து திரும்பியபோது அது மட்டும் வரவில்லை. 1790-இல் பாராஸ் என்ற இடத்தில், ஓகில்வி குடும்பத்து வீட்டின் தோட்டச் சுவருக்குள்ளிருந்து அகப்பட்டது. எடின்பரோ வந்து வாளோடு சேர 1892 ஆயிற்று.

காரில் திரும்பும்போது மகளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, அத்தைப் பாட்டி வீட்டை வாங்கினவங்க கொல்லைச் சுவரை இடிச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்ல" என்றேன்.