பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பருவம்



சென்ற வாரம் பள்ளியின் பொருளறையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது பழைய கட்டுரை ஏடுகள் ஒரு கட்டு அகப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதியவை. தலைப்பு: 'எனக்குப் பிடித்த விளையாட்டாளர்'. ஏறத்தாழ எல்லாரும் ரொனால்டோ அல்லது மெஸ்ஸி. இரண்டு மாணவிகள் பூப்பந்து வீரர்களைப் பற்றி எழுதியிருந்தனர். ஒரே ஒருவன் மட்டும் கே. குருசாமி என்று எழுதியிருந்தான்.

கே. குருசாமி யாரென்று கேட்பவர்கள் இருக்கலாம். பெட்டாலிங் ஜெயா சிட்டி காற்பந்துக் கழகத்தின் நடுத்திடல் ஆட்டக்காரராக இருந்தவர். முன்பு சிலாங்கூர் அணிக்கும் ஆடியவர். அந்த மாணவனின் கட்டுரையில் ரகர றகரப் பிழைகள் மலிந்திருந்தன. ஒரு வரி மட்டும் என்னை நிறுத்தியது: 'அவர் சட்டையின் பின்னால் இருப்பது எங்கள் வீட்டுப் பெயர்.' அதன் அருகே சிவப்பு மையில், என் கையெழுத்திலேயே, 'பொருள் தெளிவில்லை' என்று குறிக்கப்பட்டிருந்தது. அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

அந்தச் சிவப்புக் குறிதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

நம் நாட்டுக் காற்பந்தில் தமிழர்களுக்கு இடமில்லாமல் இருந்த காலம் என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இரப்பர் தோட்டம் தோறும் கோயில் இருந்தது போலத் திடலும் இருந்தது. எம். சந்திரன் தேசிய அணியில் ஆடினார். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த ஆர். ஆறுமுகம் கோல் காத்தார். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மொஸ்கோ ஒலிம்பிக்கிற்கு நாம் தகுதி பெற்ற அந்த அணியில், ஆறுமுகம், சந்தோக் சிங், சோ சின் ஆன், ஹசான் சானி, ஜேம்ஸ் வோங் என்று எல்லா இனத்துப் பெயர்களும் இருந்தன. அரசியல் காரணத்தால் நம் அணி மொஸ்கோவுக்குப் போகவேயில்லை. 1988-இல் ஆறுமுகம் சாலை விபத்தில் மறைந்தார். 2010-இல் கே. ராஜகோபால் பயிற்சியில் நாம் தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றபோது, இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள புக்கிட் ஜாலில் அரங்கில்தான் நடந்தது. 3-0. அன்றிரவு ஸ்ரீ கெம்பாங்கானில் பட்டாசுச் சத்தம் ஓயவில்லை. சீனர் கடைகளிலும் மாமாக் கடைகளிலும் ஒரே கூச்சல். எஸ். குணாளன் அந்த அணியில் இருந்தார்.

ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த பிறகு, திடலோடு சேர்ந்து ஆட்டக்காரர்களும் குறைந்துவிட்டனர். புக்கிட் ஜாலில் அரங்கமே ஒரு காலத்தில் தோட்ட நிலமாக இருந்த இடத்தில்தான் 1998 காமன்வெல்த் போட்டிக்காக எழுந்து நிற்கிறது. (இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியாது.)

இக்குறையைப் போக்க நினைத்தவர்களின் முயற்சிதான் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம், சுருக்கமாக மீஃபா. அதன் அணி 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2019 பருவத்திலிருந்து 'பெட்டாலிங் ஜெயா சிட்டி' என்ற பெயரோடு நாட்டின் உச்சப் பிரிவான சூப்பர் லீக்கில் ஆடியது. பெயர் மாறியதைப் பலர் குறை கூறினர். எனக்கு அதில் வருத்தமில்லை. ஓர் இனத்தின் பெயரைத் தாங்கிய கழகத்தை விட ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய கழகத்திற்கு ஆயுள் கூடும் என்று அப்போது நம்பினேன். என் கணக்கு பிழைத்தது.

2022 பருவத்திற்கு வருகிறேன்.

அந்த ஆண்டு சூப்பர் லீக்கில் பன்னிரண்டு கழகங்கள். மற்றவை எல்லாம் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வாங்கி வைத்திருக்க, பி.ஜே. சிட்டி மட்டும் உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டுமே கொண்டு ஆடியது. பயிற்றுநர் பி. மணியம். குருசாமி, ஆர். கோகிலேஸ்வரன் போன்றோரோடு மலாய் இளைஞர்களும் தோளோடு தோள் நின்று ஆடினர். எதிரில் ஜொகூர் டாருல் தக்சிம் போன்ற பெரும் பணக்காரக் கழகம்; அவ்வாண்டு லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் அனைத்தையும் அது அள்ளிச் சென்றது. பி.ஜே. சிட்டி வெல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நிலைத்திருந்தால் போதும் என்பதே எதிர்பார்ப்பு. நிலைத்தும் இருந்தது.

பெருந்தொற்றுக்குப் பிறகு பள்ளிகள் முழுமையாகத் திறந்த ஆண்டு அது. இரண்டு ஆண்டுகள் கைப்பேசியின் முன் அமர்ந்திருந்த பிள்ளைகள். ஓடச் சொன்னால் பாதித் திடலில் மூச்சு வாங்கினர். புறப்பாட நடவடிக்கையில் காற்பந்துப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்குப் பந்தை உதைக்கத் தெரியாது. ஊதலை ஊதத் தெரியும்.

நான் மேலே சொன்ன மாணவன் அந்த அணியில் இடப்பக்கத் தடுப்பாளன். ஒல்லியான உருவம். இடது காலால் பந்தை அனுப்பினால் நூல் பிடித்தாற்போலப் போய்ச் சேரும். தந்தையார் லாரி ஓட்டுநர். தாயார் பாலாக்கோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு சனிக்கிழமை அவனோடு சேர்த்து ஏழு பிள்ளைகளைப் பெற்றோர் ஒப்புதலோடு ஆட்டம் காண அழைத்துச் சென்றேன். செர்டாங் நிலையத்தில் கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி.க்கு மாறி, கிளானா ஜெயாவில் இறங்கிப் பயணம். கே.எல். சென்ட்ரலில் ஒருவனைக் காணவில்லை என்று நான் பதறியதும், அவன் ரொட்டிக் கடை வாசலில் நின்றதும் தனிக் கதை.

பெட்டாலிங் ஜெயா அரங்கில் இருபத்தையாயிரம் பேர் அமரலாம். அன்று அதில் பெரும்பகுதி வெற்று நாற்காலிகள்தாம். அதே அரங்கில் சிலாங்கூர் ஆடினால் கூட்டம் வேறு; அது முப்பத்து மூன்று முறை மலேசியக் கிண்ணத்தை வென்ற கழகம். ஆனால் காலியான அரங்கில் ஒரு நன்மை உண்டு. ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது காதில் விழும். மலாயில் ஒரு சொல், தமிழில் ஒரு சொல். 'மச்சான், பின்னாடி பாரு!' என்று திடலிலிருந்து ஒரு குரல் எழுந்தபோது என் பிள்ளைகள் ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். தொலைக்காட்சியில் பார்க்கும் காற்பந்தில் யாரும் தமிழில் கூப்பிட்டு அவர்கள் கேட்டதில்லை.

அன்று நாம் தோற்றோம். திரும்பும் வழியில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த 'மச்சானை'ப் பற்றித்தான் பேசினார்கள்.

இதற்குப் பிறகுதான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். தவறா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை; ஆனாலும் சொல்ல வேண்டும்.

அந்த மாணவனை மாலை நேரப் பயிற்சிக்கு அனுப்பத் தந்தையார் தயங்கினார். கணிதத்திற்குத் தனி வகுப்பு ஏற்பாடு செய்திருந்தார். இரண்டும் ஒரே நேரம். நான் அவர் வீட்டிற்கே போனேன். "ஐயா, முன்பு போல இல்லை. இப்போது நம் பிள்ளைகள் போய்ச் சேர ஒரு கழகம் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கிறது. சம்பளம் கொடுக்கிறார்கள். பெயரைப் பாருங்கள், எல்லாம் நம் பெயர்கள்" என்று சொன்னேன். ஓர் ஆசிரியர் வீடு தேடி வந்து சொல்லும்போது நம் மக்கள் மறுப்பதில்லை. கணித வகுப்பு நின்றது. பையன் பயிற்சிக்குப் போனான்.

பருவம் அக்டோபரில் முடிந்தது. ஆண்டு முடிவதற்குள், அடுத்த பருவத்தில் பி.ஜே. சிட்டி ஆடப்போவதில்லை என்ற செய்தி வந்துவிட்டது. கழகம் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. 2023-இல் சூப்பர் லீக் பதினான்கு கழகங்களோடு நடந்தது. அவற்றில் இது இல்லை.

திங்கட்கிழமை காலை, சபைகூடலுக்கு முன், அவன் என்னிடம் வந்தான். "சார், அவங்க தோத்ததால எடுத்துட்டாங்களா?" என்று கேட்டான். "இல்லை" என்றேன். "அப்புறம் ஏன் சார்?" அதற்கு என்னிடம் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லத்தக்க விடை இல்லை. மணி அடித்தது. எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நாள்களில் நோர்வேயில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு இதையெல்லாம் மின்னஞ்சலில் எழுதிப் புலம்பினேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஒஸ்லோவில் வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவர். அவர் பூடோ கிளிம்ட் என்ற கழகத்தைப் பற்றி நீண்ட மறுமொழி எழுதினார். ஆர்க்டிக் வட்டத்திற்கும் வடக்கே, ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் வாழும் பூடோ என்னும் சிற்றூரின் கழகம் அது. வட நோர்வேக் கழகங்கள் தரம் குறைந்தவை என்ற எண்ணத்தால் 1972 வரை அவற்றுக்கு உச்சப் பிரிவில் இடமே கொடுக்கப்படவில்லையாம். 2016-இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கி, அடுத்த ஆண்டே மேலேறி, 2020-இல் அந்தக் கழகம் முதன்முறையாக லீக்கை வென்றது. முப்பது ஆட்டங்களில் இருபத்தாறு வெற்றி, ஒரே ஒரு தோல்வி. 103 கோல்கள், 81 புள்ளிகள். நடுத்திடலில் ஆடிய பாட்ரிக் பெர்க்கின் தந்தையும் தாத்தாவும் அதே கழகத்துக்கு ஆடியவர்கள். அவர்களும் வெளியாரை வைத்திருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும்; அப்பருவத்தில் 27 கோல் அடித்த காஸ்பர் யுங்கர் டென்மார்க்குக்காரர்.

எனக்கு அந்த எண்களை விட வேறொன்றுதான் மனத்தில் தங்கியது. நோர்வேயில் விளையாட்டுக் கழகம் என்பது உறுப்பினர்களின் சங்கம். தொழில்முறை அணியை நடத்த முதலீட்டாளர் வரலாம். ஆனால் இறுதி முடிவு உறுப்பினர்கள் கையை விட்டுப் போகாதபடி விதி உண்டு. கழகம் கீழ்ப் பிரிவுக்கு விழலாம், கடனில் தவிக்கலாம். ஒரு நாள் காலையில் ஒருவர் எழுந்து 'போதும்' என்று சொல்லி மூடிவிடுவது எளிதன்று. நம் நாட்டில் கழகங்களை நடத்துவது மாநிலச் சங்கமோ நிறுவனமோ. ஆதரவாளன் நுழைவுச்சீட்டு வாங்குபவன் மட்டுமே. பி.ஜே. சிட்டியை நடத்தியவர்களை நான் குறை சொல்லவில்லை. பல ஆண்டுகள் பணம் போட்டார்கள். வெற்று நாற்காலிகளைப் பார்த்தார்கள். அந்த நாற்காலிகளில் நாம் எத்தனை பேர் எத்தனை முறை அமர்ந்தோம்? நானே ஒரு முறைதான் போனேன்.

நண்பர் இன்னொன்றும் எழுதியிருந்தார். அங்கே பிள்ளைகளுக்குப் பதினொரு வயது ஆகும் வரை போட்டிகளில் தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதில்லையாம். அதைப் படித்த வாரம் எங்கள் பள்ளியில் மாவட்டப் போட்டி முடிவுகளைப் பெரிய எழுத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தோம். எங்கள் அணி கடைசி.

கழகம் போன செய்திக்குப் பின் ஒரு மாலை அந்தத் தந்தையாரைச் சந்திக்கப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு என்றே போனேன். ஆனால் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மழையைப் பற்றியும் எண்ணெய் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். அவரே தொடங்கினார்.

"நான் தோட்டத்துல பொறந்தவன் சார். எங்க அப்பா தோட்டத்து டீம்ல கோல் கீப்பர். திடல் இருந்துச்சு, ஆளு இருந்துச்சு, ஞாயித்துக்கிழமையானா கூட்டம் இருந்துச்சு. ஒரு நாள் நோட்டீஸ் ஒட்டுனாங்க. அவ்வளவுதான். இது எனக்குப் புதுசு இல்ல சார். அவனுக்குத்தான் புதுசு."

தே தாரிக் ஆறிப்போயிருந்தது. "கணித வகுப்பு..." என்று இழுத்தேன். "அது ஜனவரில சேத்துட்டேன் சார்" என்றார். "பயிற்சிக்கும் போறான். ரெண்டுக்கும் நேரத்தை மாத்திக்கிட்டேன். நான்தான் லாரியை எடுக்கற நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சிருக்கேன்."

அதற்கு அவருக்கு ஊதியத்தில் எவ்வளவு குறைந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பையன் இப்போது இடைநிலைப்பள்ளி மாணவன். பள்ளி அணியில் அதே இடப்பக்கத் தடுப்பாளன். புதன்கிழமைகளில் எங்கள் திடலுக்கு வந்து சிறுவர்களுக்குப் பந்து போடுகிறான். எனக்கு ஊதல் வேலை மட்டும் மிச்சம். நேற்று அந்தக் கட்டுரை ஏட்டை அவனிடம் கொடுத்தேன். புரட்டினான். சிவப்புக் குறியைப் பார்த்ததும் சிரித்தான்.

"இது ஏன் சார் தெளிவில்ல? எங்க அப்பா பேரு குருசாமிதானே."

மூன்று ஆண்டுகள் அவன் வருகைப் பதிவேட்டில் நானே எழுதிய பெயர் அது. என் பையிலிருந்த பேனாவை எடுத்து அந்த அரை மதிப்பெண்ணைத் திருத்திப் போட்டேன். அவன் ஏட்டை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு திடலுக்கு ஓடினான். அங்கே சிறுவர்கள் பந்தை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தனர்.