மழைதான் எதிரி

மரக்கலத்தைக் கடல் தின்னும் என்று கரையில் இருப்பவர்கள் சொல்வார்கள். தோணி வேலை பார்க்கிற எங்களுக்குப் பயம் மழையைப் பற்றித்தான். உப்புத் தண்ணீரில் கிடக்கிற பலகை லேசில் உளுத்துப்போகாது. மேல்தட்டு இடுக்கு வழியே இறங்கும் மழைத்தண்ணீர் உள்ளே வளைமரங்களின் மூலையில் தேங்கினால் தீர்ந்தது. வெளியே சாயம் மினுங்கும். உளியால் குத்தினால் மாவாக உதிரும். அமெரிக்காவில் அந்தக் காலத்துக் கப்பல் தச்சர்கள் வளைமரங்களுக்கு நடுவே உப்பைக் கொட்டி அடைத்தே கட்டியிருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள்.

கலப்பத்து அடிப்பதைப் பார்க்கிறவர்களுக்கு அது ஓட்டை அடைக்கிற வேலை. பஞ்சுத் திரியை முறுக்கிப் பலகை இடுக்கில் வைத்து, உளியைக் கொடுத்துக் கொட்டாப்புளியால் தட்டுவோம். முதலில் சத்தம் மந்தமாக வரும். திரி இறுக இறுகக் கணீரென்று மாறும். அங்கே கையை நிறுத்திவிட வேண்டும். தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊறிப் பருக்கும். அதற்கு இடம் விடாமல் திணித்திருந்தால் ஆணியையே நெம்பிவிடும். இறக்கிய புதிதில் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். மரம் ஊறினால் தானாக நின்றுவிடும்.

அதனால், "அண்ணாச்சி, ஒரு பழைய பாய்த்தோணியக் கரையில ஏத்தி மியூசியமா வச்சிரலாமே" என்று படித்த பிள்ளைகள் கேட்டால் நான் சட்டென்று தலையாட்டுவதில்லை. தூத்துக்குடி வெயிலில் ஒரு கோடை போதும், இடுக்கெல்லாம் வாய் பிளந்துவிடும். மிச்சத்தை ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும்.

1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய வாசா கப்பலை சுவீடன்காரர்கள் 1961இல் தூக்கினார்கள். பால்டிக் கடலில் உப்புக் குறைவு. மரம் துளைக்கும் புழு அங்கே பிழைக்காது. அதனால்தான் கப்பல் அவ்வளவு முழுசாகக் கிடைத்தது. காய்ந்து சுருங்காமலிருக்க 17 ஆண்டுகள் மருந்துக் கரைசலைத் தெளித்தார்கள். அந்தக் காசும் அந்தக் குளிரும் நமக்கு ஏது?

எனக்குப் பிடித்த கப்பல், திருகோணமலையின் பெயரைத் தாங்கிய 'டிரிங்கோமலி'. 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டிய போர்க்கப்பல். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. தேக்கின் பெருமையை எல்லோரும் பேசுகிறார்கள், சரிதான். ஆனால் அது 1986 வரை பயிற்சிக் கப்பலாகவும் இருந்திருக்கிறது. ஆள் ஏறி இறங்குகிற கலத்தில் ஒழுகல் அன்றைக்கே கண்ணில் படும்.

கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிய நம் தோணிகளில் பாய் போய் இன்ஜின் வந்துவிட்டது. ஒன்றையாவது பாயோடு காப்பாற்ற நினைத்தால், கொட்டகை போடும் பணத்தில் ஒரு கலப்பத்து ஆளுக்கும் அவரிடம் தொழில் பழக இரண்டு பையன்களுக்கும் சம்பளம் போடுங்கள். தோணி தண்ணீரிலேயே கிடக்கட்டும். புழுவுக்காக வருஷா வருஷம் கரையேற்றி அடியைச் சுரண்டிப் பூசவும் வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் எழுதிவிடுங்கள்.