ஜீப்பும் லைனர் பூச்சும்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையில் ஓடி உழைத்த ஒரு ஜீப்பைச் சுற்றி வந்து நிதானமாகப் பார்த்தால், எஞ்சினும் கியர்பெட்டியும் இன்னும் பல காலம் உழைக்கத் தயாராக இருக்கையிலேயே, மட்கார்டின் விளிம்பிலும் கதவின் அடிப்பாகத்திலும் பெயிண்ட் உதிர்ந்து தகரம் துருவேறிக் கிடப்பதைக் காணலாம். பக்கவாட்டில் உண்ணிச்செடி கீறுகிறது. சக்கரம் வாரியடிக்கும் சரளை கீழிருந்து தெறிக்கிறது. மழைக்காலச் சேறு இடுக்குகளில் புகுந்து ஈரத்தை நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கிறது. தார்ச்சாலையை உத்தேசித்துப் பூசப்பட்ட பெயிண்ட் இவற்றுக்கெல்லாம் ஈடுகொடுக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆகவேதான் என் வண்டிக்கும், கேட்டு வந்த நண்பர்களின் வண்டிகளுக்கும் லைனர் பூச்சையே அடித்து வருகிறேன்.

அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளின் சாமான் தொட்டி, ஏற்றி இறக்கும் பாரங்களால் கீறுபடாதிருக்கும் பொருட்டு ஏற்பட்டது இந்தப் பூச்சு. பாலியூரிதேன் இதன் ஆதாரம். இது கல்லாக இறுகுவதனால் வண்டியைக் காக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கையாண்டு பார்த்தவனுடைய அபிப்பிராயம் வேறு. இறுகி நிற்பது சாதாரண பெயிண்ட்தான். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றே அதிகமான கனமுள்ள அது, கல் பட்ட இடத்தில் சில்லாகப் பெயர்ந்துவிடுகிறது. லைனரோ அதைக் காட்டிலும் சில மடங்கு கனமாகப் படிந்து, காய்ந்த பின்னும் ரப்பரின் நெகிழ்ச்சியைச் சிறிது தக்கவைத்துக்கொள்வதால், கல்லின் வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. இந்த நெகிழ்ச்சியிலிருந்தே இதன் குணமும் பிறக்கிறது, குற்றமும் பிறக்கிறது.

சாதாரண பெயிண்டின் அடியில் துரு கிளம்பினால் அது கொப்புளித்து வெடித்து உடையவனுக்குச் சொல்லிவிடும். லைனர் அப்படிச் சொல்லாது. இழுபட்டுக் கொடுத்து, உள்ளே நடக்கும் அரிப்பை மூடிக்கொண்டு நிற்கும். தெரியவரும்போது அங்கே தகரமே மிஞ்சியிராது. கனமான பூச்சுதானே, எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்ற எண்ணத்தோடு இதை வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. துரு கண்ட இடமெல்லாம் கிரைண்டராலும் ஒயர் பிரஷ்ஷாலும் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி திணிக்காமல் தகரம் வெட்டி வெல்டு வைத்து, எபாக்சி பிரைமர் கொடுத்த பிறகே லைனர் டப்பாவைத் திறக்க வேண்டும். பழைய பெயிண்ட் நன்றாகப் பிடித்திருக்கும் இடங்களில் அதை உரிக்க வேண்டியதில்லை; பளபளப்பு முற்றிலும் மாயும்படி 120 அல்லது 180 நம்பர் உப்புத்தாள் போட்டால் போதும். ஆனால் தேய்ப்பதற்கு முன்னாலேயே மெழுகையும் எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தாள் அந்த மெழுகைக் கீறல்களுக்குள்ளே ஏற்றிவிடும், பிறகு எவ்வளவு துடைத்தும் பயனில்லை. துடைப்பதற்கு இரண்டு துணி வேண்டும்: ஒன்றால் கரைப்பானை ஈரமாகப் பூசி, அது காய்வதற்குள் மற்றொன்றால் ஒற்றி எடுக்க வேண்டும். அதற்குப் பின் அந்தத் தகரத்தின்மேல் வெறுங்கை படலாகாது.

1947-இல் மகிந்திரா கம்பெனி இந்தியாவில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த பழைய வண்டிகளுக்கு, அலங்கார வளைவுகளின்றித் தட்டையான தகரங்களே உடலாக அமைந்திருப்பதனால், இந்தப் பூச்சு மிகப் பொருத்தமாக அமைகிறது. ஜாக்கிரதை வேண்டியது இடுக்குகளில்தான். கதவுகளைக் கழற்றித் தனியே அடிப்பது உத்தமம். மூடி வைத்து அடித்தால் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே பூச்சு பாலம் கட்டிவிடும். கதவின் அடியில் நீர் வடியும் சிறு துளைகள் உண்டு. அவை அடைபட்டால் மழைநீர் உள்ளேயே தங்கி, நாம் வெளியே செய்த பிரயாசை அத்தனையையும் உள்ளிருந்து அழித்துவிடும். ஒவ்வொன்றிலும் துணித்திரி செருகி வைத்து, பூச்சு இறுகுமுன் உருவிவிடுவது என் வழக்கம்.

இரு பகுதிகளாக வரும் வகையில், மூன்று பங்கு பூச்சுக்கு ஒரு பங்கு ஹார்டனர் சேர்த்துக் குலுக்கினால், அந்தக் கணமே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும்; மிதமான குளிரில் ஒரு மணி நேரம் தாங்குவது, சித்திரை வெயிலில் அவ்வளவு தாங்காது. ஆகையால் ஒரு பக்கத்துக்கு வேண்டிய அளவே கலப்பேன். கம்ப்ரசர் இல்லாதவர் ரோலரால் உருட்டலாம். முரட்டுப் பரு விழும், அதிலும் குறையொன்றுமில்லை. ஸ்பிரே கன்னால் அடிக்கும்போது காற்றழுத்தம் கூடினால் பொடிப் பரு, குறைந்தால் பெரும் பரு. எனவே ஒரே அழுத்தத்தையும் ஒரே தூரத்தையும் கடைசிவரை காப்பாற்றுவதில்தான் கை தெரிகிறது.

இனி, மாஸ்கிங் டேப். கடைசிக் கோட் அடித்ததும், அது ஈரமாக இருக்கும்போதே டேப்பை மெதுவாக, பூச்சிலிருந்து விலகும் பக்கமாக மடக்கி இழுக்க வேண்டும். மெல்லிய நூல் ஒன்று விளிம்பிலிருந்து நீண்டு அறுந்து தானே அடங்கிவிடும். விளிம்பு நேர்கோடாக நிற்கும். மறுநாள் இழுத்தால் டேப்போடு பூச்சும் நாராகக் கிழிந்து வரும்.

வெயிலில் நிற்கும் வண்டிக்கு, வெளுக்காத அலிபாட்டிக் வகையையே கேட்டு வாங்க வேண்டும். மலிவான வகை வெயிலில் சுண்ணாம்புபோல் பூத்துவிடும். வண்டியின் நிறத்தை மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யிலும் திருத்திக்கொள்ள வேண்டும். பருக்களுக்கிடையே தங்கும் சேற்றைப் போக்க, துணியைவிட பிரஷ்ஷே ஏற்றது.

ஒரு விஷயத்தை மாத்திரம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அதன் ஆவியும் தூசும் சுவாசத்தில் சேர்ந்தால் தீராத ஆஸ்துமாவை உண்டாக்க வல்லவை. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பின்னர் மிகச் சொற்பமான அளவுகூடத் தாங்காது. முகத்தில் கட்டிய கைக்குட்டை இதைத் தடுக்காது. ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்காவது கட்டாயம் வேண்டும். கன்னால் அடிப்பதானால், வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே கொண்டுவரும் மாஸ்க்கே சரியானது. லைனர் வாங்கும் பணத்தில் முதலில் அதை வாங்குங்கள். பக்கத்தில் நின்று டப்பா குலுக்கிக் கொடுக்கும் பையனுக்கும் ஒன்று வாங்குங்கள்.